காப்பிச் சூட்டை அளந்த வருஷங்கள்

போன மாதம் பவானி போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு என் இடத்துக்கு வந்தவள். திருப்பதியிலிருந்து புறப்பட்டு வடமாலபேட்டை, புத்தூர் பக்கமெல்லாம் வீடு வீடாகப் போய், சாப்பாடு பற்றியும் நோய் பற்றியும் கேள்வி கேட்டு வருகிற வேலை. எங்கள் காலத்துக் காகிதப் படிவம் இப்போது இல்லை. கையில் டேப்லெட். ஒரு கேள்விக்குப் பதில் அமுக்கினால்தான் அடுத்த கேள்வியே வருமாம்.

"அக்கா, வடமாலபேட்டையில ஒரு வீட்ல உள்ளயே வுடல. காப்பி குடிச்சா கேன்சர் வருதுன்னு அவங்களுக்கு வாட்ஸாப்ல வந்துச்சாம். பக்கத்து வூட்டுக்குப் போனா, காப்பி குடிச்சா கேன்சரே வராதுன்னு இன்னொரு வீடியோ காட்டுறாங்க. ரெண்டு வூட்டுக்கும் நடுவுல நின்னுக்கினு கீறேன். எது நெஜம்னு என்னக் கேக்கறாங்க. இன்னா சொல்றது?"

"இப்ப ஒண்ணும் சொல்லாத. மொதல்ல நீ கேளு. சொல்றதெல்லாம் அப்புறம்" என்றேன்.

"அது எப்டிக்கா, ஒண்ணுமே சொல்லாம?"

எப்படி என்பதைப் போனில் விளக்க எனக்கு வரவில்லை. எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். எழுத உட்கார்ந்தபோதுதான், அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல டாக்டர் ஹேமலதாவைப் பற்றி எழுதாமல் முடியாது என்பது தெரிந்தது.

எனக்குச் சொந்த ஊர் நகரி. நைனா விசைத்தறி ஓட்டினார். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, சந்தையில் இரண்டும். இந்த இரட்டை நாக்குதான் எனக்கு வேலை வாங்கிக் கொடுத்தது. கணக்கெடுப்பு வேலைகள் சிலவற்றில் தற்காலிகமாக இருந்துவிட்டு, நாற்பது வயதை நெருங்கும்போது, திருப்பதியில் உணவுக்குழாய்ப் புற்றுநோய் பற்றி நடந்துகொண்டிருந்த ஓர் ஆய்வில் கள ஆய்வாளராகச் சேர்ந்தேன். இரண்டு அறை, ஒரு மின்விசிறி, ஐந்து பேர். சித்தூர், திருப்பதி சுற்றுவட்டத்தில் அந்த நோய் வந்தவர்கள் ஒவ்வொருவரையும் தேடிப் போய், அவர்கள் வாழ்நாளில் என்ன சாப்பிட்டார்கள், என்ன குடித்தார்கள், எவ்வளவு சூடாகக் குடித்தார்கள் என்று கேட்க வேண்டும். பிறகு அதே ஊரில், அதே வயதில், அந்த நோய் இல்லாத ஒருவரிடம் அதே கேள்விகளை அதே வார்த்தைகளில் கேட்க வேண்டும். இரண்டு கூட்டத்துக்கும் வித்தியாசம் என்ன என்று பார்ப்பதுதான் ஆய்வு. மூன்று வாரம் பயிற்சி கொடுத்தார்கள். அதில் நான் உருப்படியாகக் கற்றுக்கொண்டது, பேனாவை எப்போது மூட வேண்டும் என்பது மட்டும்தான். மற்றதெல்லாம் வீடுகளில் கற்றது.

ஆய்வின் தலைவர் டாக்டர் ஹேமலதா. சித்தூர்க்காரர், தெலுங்கு பேசும் குடும்பம். என்னைவிட ஒன்பது வயது சின்னவர். முதல் நாளே என்னை "சரளாகாரு" என்று கூப்பிட்டார். டாக்டர் ஒருவர் என்னைத் தெலுங்கு மரியாதையோடு 'காரு' போட்டு அழைத்தது அதுதான் முதல் தடவை. கடைசி நாள் வரை அது மாறவில்லை. என் மேல் கோபம் இருந்த நாளிலும்கூட.

எங்கள் பையில் என்னென்ன இருந்தது என்று சொன்னால்தான் வேலை புரியும். சின்னது, நடுத்தரம், பெரியது என மூன்று எவர்சில்வர் டம்ளர்கள். மக்கள் "ஒரு டம்ளர்" என்றால் எந்த டம்ளர் என்று கைகாட்டச் சொல்வதற்கு. ஒரு தேக்கரண்டி. கம்பி முனை உள்ள ஒரு வெப்பமானி. படிவங்கள். காப்பியோ டீயோ குடிப்பவர் என்றால், வழக்கமாக யார் போடுவார்களோ அவரையே, வழக்கம்போலப் போடச் சொல்ல வேண்டும். குடிப்பவர் டம்ளரைக் கையில் வாங்கி, "இப்ப குடிப்பேன்" என்று சொல்லும் நொடியில் வெப்பமானியை நடுவில் இறக்க வேண்டும். கம்பி அடியில் படக்கூடாது, விளிம்பிலும் படக்கூடாது. எண் நிலைத்து நின்றதும், புள்ளிக்குப் பின்னால் வரும் எண்ணையும் சேர்த்து எழுத வேண்டும். போகிற வீட்டிலெல்லாம் காப்பியை அளந்ததால் ஊர்களில் எனக்குப் பெயரே காப்பி மேடம்.

சேர்ந்த இரண்டாவது வாரம் புத்தூரில் ஒரு வீட்டுக்கு டாக்டரும் கூட வந்தார். நோய் இல்லாத ஐம்பது வயது அம்மா ஒருவர். "காப்பி ஒரு நாளைக்கு எத்தினி தடவ குடிப்பீங்க?" என்று கேட்டேன்.

"ரெண்டே தடவதாம்மா. காலைல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு."

எழுதப் போனேன். டாக்டர் என் படிவத்தின் ஓரத்தை விரலால் லேசாக அழுத்தினார். பிறகு அந்த அம்மாவிடம், தெலுங்கு வாசனை அடிக்கும் தமிழில், "நேத்து காலைல எழுந்துக்கினதுலேந்து சொல்லுங்கம்மா. எழுந்தீங்க. அப்புறம்?" என்றார்.

அந்த அம்மா சொல்ல ஆரம்பித்தார். எழுந்ததும் ஒன்று. வாசல் தெளித்துவிட்டு வந்து, மகளுக்குப் போட்டதில் மீந்த அரை டம்ளர். பதினோரு மணிக்கு எதிர்வீட்டுக்காரி வந்ததால் ஒன்று. சாயங்காலம் ஒன்று. விளக்கு வைத்த பிறகு, தலைவலி என்று ஒன்று. சொல்லி முடித்துவிட்டு அவரே வாயில் கை வைத்துக்கொண்டார். "ஐயோ, இவ்ளோவா குடிக்கிறேன்?"

திரும்பும்போது பஸ்ஸில் டாக்டர் சொன்னார்: "அவங்க பொய் சொல்லல சரளாகாரு. எத்தனன்னு கேட்டா எல்லாரும் நல்ல கணக்குத்தான் சொல்லுவாங்க. நேத்து என்ன பண்ணீங்கன்னு கேட்டா நெஜம் வரும். நோய் வந்தவங்க இன்னும் கஷ்டம். ஏன் வந்துச்சு, ஏன் வந்துச்சுன்னு யோசிச்சு யோசிச்சு, குடிச்சது கொஞ்சமா இருந்தாலும் ரொம்ப குடிச்சேன்னு சொல்லுவாங்க. அவங்களுக்கு யாராவது ஒரு குத்தவாளி வேணும்."

அன்றைக்குத்தான் நான் காப்பிக்கும் புற்றுநோய்க்கும் என்ன சம்பந்தம் என்று நேராகக் கேட்டேன். அவர் சிரித்தார். ஒரு காலத்தில் காப்பியின் மேலேயே சந்தேகம் இருந்ததாம். சிகரெட் பிடிப்பவர்கள் பலர் காப்பியும் நிறையக் குடிப்பார்கள். புகை செய்த வேலைக்குக் காப்பி பழி சுமந்தது. இரண்டையும் பிரித்துப் பார்த்துக் கேட்கத் தெரிந்த பிறகு, காப்பியின் மேல் இருந்த சந்தேகம் கொஞ்சம் கொஞ்சமாக விலகியது. கல்லீரல் புற்றுநோய் போன்ற ஒன்றிரண்டில், காப்பி குடிப்பவர்களுக்குக் குறைவாகவே வருகிறது என்றுகூடத் தெரிகிறது. மீதி நிற்கும் சந்தேகம் சூட்டின் மேல்தான். காப்பியோ, டீயோ, வெறும் வெந்நீரோ, நாக்கு பொசுங்கும் சூட்டில் வருஷக்கணக்காக விழுங்கினால் உணவுக்குழாய்க்கு ஆகாது. "அதுக்குத்தான் நாம தெர்மாமீட்டர் எடுத்துக்கினு சுத்தறோம். ஆனா இதெல்லாம் உங்களுக்குத் தெரிஞ்சா போதும். கேள்வி கேட்டு முடிக்கிற வரைக்கும் உங்க மூஞ்சிலகூடத் தெரியக்கூடாது" என்றார்.

இனி கன்னியம்மா அக்காவைப் பற்றிச் சொல்கிறேன்.

பாலசமுத்திரம் பக்கம் ஒரு சிறிய ஊர். தமிழ்நாட்டு எல்லை கூப்பிடு தூரம். கன்னியம்மாவுக்கு ஐம்பத்தெட்டு வயது, உணவுக்குழாயில் புற்றுநோய். கதிர்வீச்சு சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்திருந்தார். கெட்டியாக எதுவும் இறங்காது. கஞ்சி, மோர் மட்டும். கணவர் முனுசாமி விவசாயி. மாமரம் கொஞ்சம், கரும்பு கொஞ்சம், இரண்டு மாடு. மகள் கல்யாணமாகித் திருத்தணியில் இருந்தாள்.

அந்த வீட்டில் காப்பி போடுவது ஆம்பிளை. அதற்குக் காரணம் மாடு. விடியற்காலையில் கன்னியம்மா பால் கறப்பார். அவர் செம்போடு வருவதற்குள் முனுசாமி டிகாஷன் இறக்கி வைத்திருப்பார். கறந்த பால் நேராக அடுப்புக்குப் போகும். முப்பத்தொரு வருஷம் இதே மாதிரி என்று கன்னியம்மா சொன்னார். மெலிந்து, கட்டிலில் ஒரு துணி மடிப்பைப் போலக் கிடந்தவர், காப்பி பற்றிக் கேட்டதும் எழுந்து உட்கார்ந்தார்.

"வாயில வெச்சா சுர்ருன்னு இருக்கணும் எனக்கு. இல்லன்னா அது காப்பியே இல்ல. ஆறிப்போச்சு, இன்னொரு தடவ காய்ச்சுன்னு சொல்லுவேன். பாவம், அதுவும் காய்ச்சிக் குடுக்கும்." 'அது' என்றது கணவரை.

வெற்றிலை பாக்கு, புகையிலை எல்லாவற்றையும் கேட்டேன். புகையிலை இருபது வயதிலிருந்தே உண்டு. எழுதிக்கொண்டேன். பிறகு முனுசாமியைப் பார்த்து, "அண்ணா, நீங்க எப்பவும் போடற மாதிரியே ஒரு காப்பி போடுங்க. சூடு அளக்கணும்" என்றேன்.

வாசற்படியில் உட்கார்ந்திருந்தவர் எழுந்திருக்கவில்லை. "இந்த வூட்ல இனிமே காப்பி கெடயாதும்மா."

"படிவத்துக்காக அண்ணா. ஒரே ஒரு தடவ."

"ஒரு தடவயும் கெடயாது." எழுந்து மாட்டுக்கொட்டகைப் பக்கம் போய்விட்டார்.

கன்னியம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். சென்னையிலிருந்து பார்க்க வந்த அவருடைய தம்பி, எல்லோருக்கும் எதிரில், "நீ கொதிக்கக் கொதிக்க ஊத்திக் குடுத்துத்தான் மாமா எங்கக்காவுக்கு இப்படி ஆச்சு" என்று சொல்லிவிட்டானாம். அன்றைக்கே முனுசாமி காப்பிப் பாத்திரம், வடிகட்டி, தூள் டப்பா எல்லாவற்றையும் ஒரு சாக்கில் போட்டுக் கட்டிப் பரணில் ஏற்றிவிட்டார். நாலு மாதம் ஆகிறது. தானும் குடிப்பதில்லை.

"எங்கிட்ட சரியா பேசறதுகூட இல்லம்மா. கஞ்சி கொண்டாந்து வெக்கும், மூஞ்சப் பாக்காது. காலைல பக்கத்து வூட்ல காப்பி வாசன வரும். நான் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்குவேன்."

நான் என்ன செய்திருக்க வேண்டும்? சூடு என்ற கட்டத்தைக் காலியாக விட்டு, காரணம் எழுதியிருக்க வேண்டும். ஆனால் எனக்கு அந்தப் படிவம் முழுசாக வேண்டும் என்று ஆசை. அவரே "சுர்ரு" என்று சொல்லிவிட்டார். காய்ச்சி உடனே குடிப்பவர்களின் சூடு எங்கே நிற்கும் என்பது நூறு வீட்டில் பார்த்து எனக்கு அத்துப்படி. பஸ்ஸுக்கு நின்றபோது, அந்தக் கட்டத்தில் 70 என்று எழுதினேன்.

இரண்டு நாள் கழித்து டாக்டர் கூப்பிட்டார். மேசையில் என் படிவங்கள் வரிசையாகக் கிடந்தன. எல்லாவற்றிலும் ஒரே கட்டத்தில் விரல் வைத்துக்கொண்டே வந்தார். "61.3. 57.8. 66.2. எல்லாத்துலயும் புள்ளி இருக்கு. இங்க மட்டும் புள்ளி இல்ல. 70. அளந்தீங்களா சரளாகாரு?"

"இல்ல மேடம்" என்று நடந்ததைச் சொன்னேன்.

அவர் கத்தவில்லை. 70 என்பதன் மேல் ஒரே ஒரு கோடு போட்டார். அடியில் இருப்பது படிக்கும்படியான கோடு. பக்கத்தில் 'அளக்கவில்லை' என்று எழுதி, என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்: "காப்பிதான் காரணம்னு அந்த வீட்ல நம்பறாங்க. நீங்களும் அதையே நம்பி ஒரு நம்பர் எழுதினீங்க. ஒருத்தர் சந்தேகப்பட்டது, இப்ப ரெண்டு பேர் பாத்த மாதிரி ஆயிடுச்சு. இப்படி பத்து படிவம் சேந்தா, அது ஆய்வு இல்லம்மா. அந்தத் தம்பி பேசின பேச்சுதான்."

நான் வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். அவரோ, "அந்த அம்மாவுக்கு காப்பி குடிக்க ஆசையா இருக்குன்னு சொன்னீங்களே, டாக்டர் குடிக்கக் கூடாதுன்னு சொன்னாங்களா?" என்று கேட்டார். யாரும் அப்படிச் சொல்லவில்லை, வீட்டில் கேட்கவே இல்லை என்றேன். பாலசமுத்திரத்துக்குப் போன் போட்டுக் கன்னியம்மாவிடம் அனுமதி கேட்டுவிட்டு, சிகிச்சை கொடுத்த மருத்துவரிடம் பேசினார். வெதுவெதுப்பாக, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம், சூடு மட்டும் கூடவே கூடாது என்று பதில் வந்தது. "நாளைக்கு நானும் வரேன்" என்றார். அலுவலக ஜீப் வேறெங்கோ போயிருந்தது. இரண்டு பேரும் பஸ்ஸில் போய், புத்தூரில் மாறி, கடைசி இரண்டு கிலோமீட்டர் ஷேர் ஆட்டோவில் போனோம்.

அந்த வீட்டில் அவர் உட்கார்ந்த விதம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. நாற்காலி போட்டார்கள். வேண்டாம் என்று கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்தார், படுத்திருப்பவர் தலையைத் தூக்காமலே அவர் முகத்தைப் பார்க்கிற மாதிரி. முதலில், "போன தடவ இவங்க எழுதினதுல ஒரு தப்பு நடந்துச்சு. அதச் சரி பண்ண வந்திருக்கோம். மறுபடி கொஞ்சம் கேக்கலாமா?" என்று அனுமதி கேட்டார். நான் தலை குனிந்து நின்றேன். தப்பு யாருடையது என்று அவர் மறைக்கவும் இல்லை, அதைப் பெரிதாக்கவும் இல்லை.

கேள்விகளை முதலிலிருந்து கேட்டார். காப்பிக்கு வந்ததும் முனுசாமி வாசலிலிருந்தே குரல் கொடுத்தார். "அம்மா, நீ டாக்டருதான? அப்ப மொதல்ல நீ எனக்கு பதில் சொல்லு. என் காப்பிதான் இவளுக்கு எமனாச்சா? அத சொல்லு. அப்புறம் எத்தினி காப்பி வோணும்னாலும் போடறேன்."

பதில் சொன்னால், சொன்ன பிறகு போடும் காப்பி வழக்கமான காப்பியாக இருக்காது, அளவு கெட்டுவிடும். பதில் சொல்லாவிட்டால் அவர் காப்பியே போட மாட்டார். டாக்டர் ஒரு நொடிகூட யோசித்த மாதிரி தெரியவில்லை.

"சொல்றேன் முனுசாமிகாரு. இன்னும் ஆறு கேள்வி கீது. சூடு அளக்கறது மட்டும் வேண்டாம், அத விட்டுடறேன்" என்று சொல்லி, அந்தக் கட்டத்தில் 'அளக்கவில்லை' என்று தானே எழுதினார். மீதி ஆறு கேள்வியையும் கேட்டார். படிவத்தை உறையில் போட்டு ஒட்டினார். பையின் ஜிப்பை இழுத்து மூடினார். அதற்குப் பிறகுதான் வாசல் பக்கம் திரும்பினார்.

"இப்ப வாங்க. இப்படி உள்ள வந்து உக்காருங்க."

முனுசாமி வந்து, கட்டிலிலிருந்து தள்ளி, சுவர் ஓரமாக உட்கார்ந்தார்.

"காப்பி மேல குத்தம் இல்ல. அத மொதல்ல மனசுல போட்டுக்குங்க. ரொம்ப சூடா விழுங்கறது மேல எங்களுக்கு சந்தேகம் இருக்கு. இல்லன்னு நான் பொய் சொல்ல மாட்டேன். பொகையில கெடுக்கும்ங்கறதுல எங்களுக்கு சந்தேகமே இல்ல. அதுக்கு மேல, இவங்க ஒருத்தருக்கு எதனால வந்துச்சுன்னு என்னாலயும் சொல்ல முடியாது, உங்க மச்சானாலயும் சொல்ல முடியாது. ஆயிரம் பேரப் பாத்தா ஏதோ சொல்லலாம். ஒருத்தரப் பாத்து சொல்லவே முடியாது. யாராவது சொன்னா, தெரியாம சொல்றாங்கன்னு அர்த்தம்."

முனுசாமி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "கொதிக்கக் கொதிக்கக் குடுத்தது நாந்தானம்மா?"

இதற்கு, டாக்டரை முந்திக்கொண்டு கன்னியம்மா சொன்னார்.

"கேட்டது யாரு? ஆறிப்போச்சுன்னு திருப்பிக் குடுத்தது யாரு? ஒரு நாளாவது நீயா சூடு பண்ணிக் குடுத்தியா? இந்த நாலு மாசமா உன்ன நீயே தின்னுக்கினு, என்னயும் அனாதயா போட்டுட்ட. எனக்கு வியாதிகூட பெருசா தெரியலய்யா. நீ மூஞ்ச திருப்பிக்கினு போறதுதான் தாங்கல."

அவர் அழுதார். அறுபத்து மூன்று வயது ஆம்பிளை, தோளில் கிடந்த துண்டை எடுத்து முகம் முழுக்க மூடிக்கொண்டு அழுதார். நானும் டாக்டரும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டோம். கொஞ்ச நேரம் கழித்து அவர் எழுந்து, ஏணியைச் சாத்தி, பரணில் ஏறினார். சாக்கு இறங்கியது. தூள் பழசாகியிருந்தது. முகர்ந்து பார்த்துவிட்டு, பக்கத்து வீட்டுக்குப் போய் ஒரு கரண்டி புதுத்தூள் வாங்கி வந்தார்.

காப்பி வந்தது. ஆவி பறக்க. என் கை பழக்கத்தில் பையின் ஜிப்புக்குப் போனது. டாக்டரைப் பார்த்தேன்.

"எடுங்க. படிவத்துக்கு இல்ல. அக்கா தொண்டைக்கு."

இறக்கினேன். முதல் எண் தெரிந்தது. அதை நான் எழுதவில்லை. டாக்டரும் எட்டிப் பார்க்கவில்லை. ஆய்வுக்கு அது எவ்வளவு வேண்டிய எண் என்று அவருக்குத் தெரியாதா என்ன? முனுசாமிக்கு வார்த்தை கொடுத்துவிட்டார், படிவத்தை மூடிவிட்டார், அவ்வளவுதான். அந்த எண்ணை நான் இன்றுவரை யாருக்கும் சொன்னதில்லை.

வெதுவெதுப்பாக ஆகும் வரை நாலு பேரும் ஒரு டம்ளரைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். நான் எண்ணைப் படித்துக்கொண்டே வந்தேன். கன்னியம்மாவுக்குப் பொறுமை இல்லை.

"நீ குடிப்பியாம்மா காப்பி?" என்று டாக்டரைக் கேட்டார்.

"மூணு வேளயும்."

"சூடாவா?"

"அதெங்க முடியுது! டேபிள் மேல வெச்சுட்டு மறந்துடுவேன். ஜில்லுன்னு ஆயிடும். அதையே குடிப்பேன்."

"அட கர்மமே. அது காப்பியா?" என்று கன்னியம்மா சிரித்தார். சிரித்ததில் இருமல் வந்தது. முனுசாமி ஓடி வந்து முதுகைத் தடவினார். கை அங்கேயே நின்றுவிட்டது.

நாற்பதைத் தொட்டதும், "இப்ப குடுங்க" என்றார் டாக்டர். முனுசாமி ஸ்பூனில் எடுத்துக் கொடுத்தார். முதல் ஸ்பூனை வாயிலேயே வைத்துக்கொண்டு கன்னியம்மா கண்ணை மூடினார். ஆறிப்போச்சு என்று சொல்லவில்லை. ஐந்து ஸ்பூன் குடித்தார்.

அடுத்த ஆடி வரைக்கும் அவர் இருந்தார். தினமும் காலையில் ஸ்பூனில் காப்பி உண்டு என்று மகள் சொல்லக் கேட்டேன். நோய் யாருக்காகவும் நிற்கவில்லை. வலி வந்தது, கடைசியில் மோர்கூட இறங்கவில்லை. ஆனால் முனுசாமி கட்டிலை விட்டு நகரவில்லையாம்.

அதற்கப்புறம் இரண்டு வருஷம் கழித்து எங்கள் ஆய்வு முடிந்தது. ஒரு பத்திரிகைக்காரர் அலுவலகத்துக்கு வந்து, காப்பி நல்லதா கெட்டதா, ஒரே வரியில் சொல்லுங்கள் என்று டாக்டரைத் துளைத்தார். "ஒரு வரியில அடங்காது சார், ஒரு மணி நேரம் உக்காந்தீங்கன்னா சொல்றேன்" என்றார் டாக்டர். பத்திரிகைக்காரர் உட்காரவில்லை. செய்தியும் வரவில்லை. அதைப் பற்றி டாக்டருக்கு வருத்தமே இல்லை. அவருடைய கவலை வேறு. பதில் சொன்ன ஒவ்வொரு வீட்டுக்கும் திரும்பப் போய், என்ன தெரிந்தது, என்ன தெரியவில்லை என்று நாம் நேரில் சொல்ல வேண்டும் என்றார். அதற்கு யாரும் தனியாக நாள் ஒதுக்கவில்லை. மற்ற வேலைகளுக்கு நடுவே போனோம். அவரும் பாதி வீடுகளுக்குப் போனார்.

பாலசமுத்திரத்துக்கு நான் தனியாகப் போனேன். முனுசாமி மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். உட்கார வைத்துச் சொன்னேன். காப்பியால் நோய் என்று சொல்ல எங்களுக்கு எதுவும் கிடைக்கவில்லை. புகையிலை கெடுதல் என்று தெளிவாகத் தெரிந்தது. அதிகச் சூட்டைப் பற்றி மற்ற இடங்களில் சொன்னதையே எங்கள் கணக்கும் சொல்கிறது, ஆனால் எங்கள் ஆட்கள் கொஞ்சம்தான், அடித்துச் சொல்ல முடியாது. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"கன்னிம்மா சொன்னதும் அந்தக் கணக்குல சேந்துச்சா?"

"சேந்துச்சு அண்ணா."

தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு, "என்ன ஏம்மா யாரும் கேக்கல?" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"அதே பாத்திரம், அதே தூளு, அதே பாலு. முப்பத்தொரு வருஷம் நானும்தான குடிச்சேன்? எனக்கு ஒண்ணும் வரலியே. அவளுக்குக் குடுத்துட்டு, என்னுத ஆத்தி வெச்சி அப்புறமாத்தான் குடிப்பேன். பொகையில நான் போட மாட்டேன். என்னயும் கேட்டிருக்கணுமா இல்லியா?"

விதிப்படி பெண் நோயாளிக்கு இணையாகப் பெண்ணைத்தான் கேட்போம். வீட்டு ஆளைக் கேட்பதில்லை. அதைச் சொல்லத்தான் வாய் திறந்தேன். அவர் முகத்தைப் பார்த்த பிறகு சொல்ல முடியவில்லை. ஆய்வு முடிந்து படிவங்கள் பீரோவுக்குப் போய்விட்டன. ஆனால் என் பையில் பழைய காலிப் படிவம் ஒன்று கிடந்தது.

"கேக்கறேன் அண்ணா. நேத்து காலைல எழுந்துக்கினதுலேந்து சொல்லுங்க" என்றேன்.

ஒன்றரை மணி நேரம். ஒரு கேள்வியையும் தாண்டவில்லை, ஒரு வார்த்தையையும் மாற்றவில்லை. அவர் காப்பி போட்டார், ஆற்றினார், இப்ப குடிப்பேன் என்றார். அளந்தேன், புள்ளியோடு எழுதினேன். படிவத்தின் கடைசியில், வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று ஒரு கேள்வி இருக்கும். பெரும்பாலும் எல்லோரும் இல்லை என்றே சொல்வார்கள். நாங்களும் கோடு போட்டுவிடுவோம்.

முனுசாமி யோசித்தார். "அவ நல்லா ருசிச்சிக் குடிச்சா. அத எழுதிக்க" என்றார்.

அவர் சொன்னபடியே எழுதினேன்.

மறுநாள் அந்தப் படிவத்தை டாக்டர் ஹேமலதாவின் மேசையில் வைத்து, நடந்ததைச் சொன்னேன். எந்தக் கணக்கிலும் சேராத காகிதம், வாங்கி ஓரமாக வைத்துவிடுவார் என்றுதான் எண்ணினேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார். ஒவ்வொரு கட்டமாக விரலை வைத்துக்கொண்டு வந்தார். ஓரிடத்தில் மட்டும், "இந்த டம்ளர் நடுத்தரமா, பெருசா?" என்று கேட்டுத் திருத்திக்கொண்டார். கடைசி வரிக்கு வந்ததும் விரல் நின்றது. இரண்டு தடவை படித்தார் என்று நினைக்கிறேன்.

பிறகு, நோயாளிகளின் படிவங்களில் எல்லாம் எந்த இடத்தில் போடுவாரோ அதே இடத்தில், 'சரிபார்த்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.